குர்குமினும் குடும்பத் தலைவரும்

குடும்பத் தலைவர் பதவிக்கு ரேஷன் கார்டைத் தவிர வேறு ஆதாரம் தேவையில்லை என்பது என் பழைய நம்பிக்கை. அந்தக் கார்டிலும் இப்போது என் மனைவியின் படம்தான் இருக்கிறது. ஆனாலும் கருத்துச் சொல்லும் இலாகா மட்டும் என் வசமே நீடித்தது. கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவனுக்குக் காபியும் பேப்பரும் முடிந்தபின் வேறு என்ன வேலை? செம்புக் குடத்துத் தண்ணீர் ஈரலுக்கு நல்லது, வெள்ளைச் சர்க்கரை விஷம், மஞ்சளுக்கு அடங்காத நோய் பூமியில் இல்லை என்று நாளொரு தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தேன். பெற்ற பாசத்தில் அம்மா தலையாட்டுவார். மிக்ஸி ஓடும் நேரமாகப் பார்த்துப் பேசுவதால் மனைவியிடமிருந்து மறுப்பு வராது. மகளோ, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கும் வயதில் இருந்தாள்.

எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டில் அந்த வயது முடிந்துபோயிற்று.

வேதியியல் என்றால் கண்ணாடிக் குழாய், நீல நிறக் கரைசல், எப்போதாவது ஒரு சின்ன வெடிச்சத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதில் ஒரு பாடத்துக்கு இது எதுவுமே கிடையாது. ஒரு சேர்மத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். உலகத்தில் இதுவரை அதைப் பற்றி யார், எப்போது, எதில், என்ன எழுதினார்கள் என்று தேட வேண்டும். படித்துச் சலித்து ஒரு மதிப்புரை எழுத வேண்டும். பிறகு ஆசிரியர்கள் முன்னால் நின்று பதினைந்து நிமிடம் பேச வேண்டும். ஈரோட்டில் பிறந்த பெண் வேறு எதை எடுப்பாள்? மஞ்சளுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் குர்குமினை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இதுக்கு எதுக்குக் கண்ணு லைப்ரரி? அப்பாவைக் கேளு" என்று சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் உள்ள பேதம், ஏலத்தில் விலை ஏறி இறங்கும் மர்மம், 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை, என் பாட்டி மஞ்சளை அரைத்துப் போட்டு ஆற்றிய புண்களின் பட்டியல் என்று எதையும் விடவில்லை. குழந்தை நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எனக்குத் தொண்டை வறண்டதும் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்:

"இதையெல்லாம் முதல்ல யார் சொன்னாங்கப்பா? எந்த வருஷம்? எதுல வந்துச்சு?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே கண்ணு!"

"எல்லாரும்னு ரெஃபரன்ஸ் போட முடியாதுப்பா."

சமையலறையில் மிக்ஸி நின்றது. அது தற்செயல்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

குர்குமினுக்கு முதலில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். 1815இல் ஃபோகல், பெல்லெத்தியே என்ற இருவர் மஞ்சளிலிருந்து அந்த நிறப்பொருளைப் பிரித்திருக்கிறார்கள். அதன் அமைப்பு இன்னதென்று தெரிய 1910 ஆகிவிட்டது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் சாமானுக்கு ஐரோப்பாவில் பிறப்புச் சான்றிதழ் இருப்பது எனக்கு லேசாக உறுத்தியது. மகளுக்கு அந்த உறுத்தலெல்லாம் இல்லை. அவள் கவலை வேறு. தேடுவதற்கு எந்தப் பெயரைப் போடுவது?

இதென்ன கேள்வி, மஞ்சள் என்று போட்டால் வந்துவிட்டுப் போகிறது என்றேன். அவள் போட்டுக் காட்டினாள். கல்யாணச் சடங்கு, புடவைச் சாயம், மஞ்சள் காமாலை என்று வந்து குவிந்தது. கஸ்தூரி மஞ்சள் அதே குடும்பம்தான், ஆனால் வேறு செடி. மரமஞ்சள் குடும்பமே வேறு. அதன் மஞ்சள் நிறம் பெர்பெரின் என்ற இன்னொரு பொருளால் வருவது. சரி, குர்குமின் என்றே தேடலாம் என்றால், அதே பொருளை ஒருவர் டைஃபெருலாயில்மீத்தேன் என்று எழுதுகிறார். உணவுத் தொழிற்சாலைக்காரர் ஈ 100 என்கிறார். சாயக்காரர் இயற்கை மஞ்சள் 3 என்கிறார். உலக வேதியியலாளர் சங்கத்து விதிப்படி ஒரு முழுப்பெயர் இருக்கிறது. அதை மகள் ஒரே மூச்சில் சொன்னபோது, ஏதோ மந்திரமென்று நினைத்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்தக் குழப்பத்துக்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்தில் ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வேதியியல் கழகம் 1907இல் 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' என்று ஒரு வெளியீட்டைத் தொடங்கியது. உலகில் வரும் வேதியியல் கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் படித்து, சுருக்கம் எழுதி, அட்டவணை போட்டுக் கொடுப்பது அதன் வேலை. 1965இலிருந்து ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒரு பதிவு எண் தர ஆரம்பித்தார்கள். பெயர் ஆயிரம் இருக்கட்டும், எண் ஒன்றுதான். தண்ணீருக்கு 7732-18-5. காபியில் இருக்கும் கஃபீனுக்கு 58-08-2. குர்குமினுக்கு 458-37-7. இன்று இருபது கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன.

இங்கேதான் எனக்கு உயிர் வந்தது. அந்த எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கமாம். மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் அதுவாக இருக்க வேண்டும். குர்குமினுக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு, ஆறு, இருபத்து நான்கு, இருபது, இருபது. மொத்தம் எழுபத்தேழு. கடைசி இலக்கம் ஏழு. டேலி! ஓய்வுக்குப் பிறகு என் கையால் ஒரு கணக்கு டேலி ஆவது அதுவே முதல். தண்ணீருக்குப் போட்டேன், நூற்றைந்து, சரி. கஃபீனுக்குப் போட்டேன், ஐம்பத்திரண்டு, சரி. அந்த வாரம் முழுவதும் பால்காரர், தபால்காரர், மீட்டர் ரீடிங் எடுக்க வந்த பையன் என்று வாசலுக்கு வந்த யாரும் தண்ணீரின் பதிவு எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பவில்லை. வேதியியல் தெரியாமலேயே வேதியியல் பேச இதைவிடச் சுலபமான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மகளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் படித்த காலத்தில் இந்தத் தேடல் உடல் உழைப்பாக இருந்திருக்கிறது. அட்டவணைத் தொகுதிகள் ஒவ்வொன்றும் தூக்கினால் தோள்பட்டை இறங்கும் கனம். அதில் எண்ணைப் பிடித்து, அந்த எண்ணுக்குரிய சுருக்கத்தை இன்னொரு தொகுதியில் பிடித்து, மூலக் கட்டுரை எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறதென்று விசாரித்து, ரயிலேறிப் போக வேண்டும். அங்கே போனால் கட்டுரை ஜெர்மன் மொழியில் இருக்கும். பெய்ல்ஷ்டைன் என்பவர் 1881இல் வெளியிடத் தொடங்கிய கரிம வேதியியல் கையேடு நூலக அலமாரிகளை நிரப்பி வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஜெர்மனிலேயே வந்துகொண்டிருந்தது. அதைப் படிப்பதற்காகவே நம் ஊர் ஆராய்ச்சி மாணவர்கள் ஜெர்மன் வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். 2010 பிறந்தபோது கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸின் அச்சுப் பதிப்பு நின்றுவிட்டது. இப்போது எல்லாம் திரையில். மூலக்கூறின் படத்தை வரைந்து தட்டினால் அந்தப் படம் வருகிற கட்டுரைகள் வந்து நிற்கின்றன.

வந்து நிற்கும்; திறக்காது. பூட்டு இருக்கிறது. பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருந்தால்தான் சாவி. வீட்டிலிருந்து ஒரு கட்டுரையைத் திறக்கப் பார்த்தாள், நாற்பது டாலருக்குப் பக்கத்தில் கேட்டது. அதுவும் நாற்பத்தெட்டு மணி நேரம் பார்ப்பதற்கு மட்டும். அந்தக் காசுக்கு இங்கே மண்டியில் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் மஞ்சளே வாங்கி, ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கும். அப்பனின் வரிப்பணத்தில் மகள் படிக்கிறாள் என்று பெருமையோடு சொன்னேன். "உங்க பென்ஷனுக்கு வரியே வரலையேப்பா" என்றாள். வீட்டு வரவு செலவிலும் மூல ஆவணத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கட்டுரை படிக்கும் முறை என்று ஒன்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடிப்பது கிடையாது. முதலில் சுருக்கம். பிறகு படங்களும் அட்டவணைகளும். பிறகு முடிவுரை. அதன்பின் செய்முறை, அதிலும் இணைப்பாகத் தனியே ஒளித்து வைத்திருக்கும் தரவுகள். முன்னுரை கடைசியில், நேரமிருந்தால். நான் நாவல் படிக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் என்னை யாரும் ஆய்வாளர் என்று சொன்னதில்லை. தூங்குமூஞ்சி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு கட்டுரை இன்னொன்றை மேற்கோள் காட்டினால் அந்த இன்னொன்றைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டும் என்பது அடுத்த விதி. பலர் படிக்காமலேயே பட்டியலை அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிடுவார்களாம். முதல் ஆள் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்பும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும். மகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தாள். துணைக்கு நானும் உட்கார்ந்திருந்தேன். குறட்டை தொந்தரவாக இருக்கிறதென்று என்னை உள்ளே போகச் சொன்னாள்.

அப்படித் தேடியதில்தான் 2017ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று மாட்டியது. 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி'யில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சனும் கூட்டாளிகளும் எழுதியது. குர்குமினைப் பற்றி அதுவரை வந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளையும் நூற்றிருபதுக்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளையும் அலசியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட சாரம்: குர்குமின் நிலையில்லாத பொருள், உடம்பின் காரத்தன்மையில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்குகிறது, விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம், மருந்தா வெற்று மாத்திரையா என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமல் நடத்திய பரிசோதனை எதிலும் அது ஐயமற வென்றதாகக் காணோம்.

மகள் இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். தட்டில் மஞ்சள் போட்ட பருப்பு இருந்தது. எங்கள் வீட்டில் அப்படியொரு அமைதி அதற்கு முன் மின்வெட்டின்போதுதான் இருந்திருக்கிறது.

"அப்ப இத்தனை ஆயிரம் பேர் எழுதினது?" என்று நான் குரலை உயர்த்தினேன்.

அதற்கும் விளக்கம் வைத்திருந்தாள். சில சேர்மங்கள் சோதனைக் குழாயில் எந்தச் சோதனை வைத்தாலும் 'ஆமாம், வேலை செய்கிறேன்' என்று கையைத் தூக்கிவிடும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளைக்கு நான் சித்தப்பா முறை என்று சொல்லிக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறவர் ஊருக்கு ஒருவர் இருப்பாரே, அந்த ரகம். பேயல், ஹாலோவே என்ற இரண்டு ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள் 2010இல் இந்த ரகத்தை அடையாளம் காட்டிப் பட்டியல் போட்டார்கள். குர்குமின் புற ஊதா ஒளியில் தானே ஒளிரும். ஒளிர்வதை வைத்து அளக்கும் சோதனையில் மருந்து வேலை செய்து ஒளிர்கிறதா, குர்குமினே ஒளிர்கிறதா என்று பிரித்துப் பார்க்காவிட்டால் விடை தப்பு. புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், சிதைந்து வேறொன்றாகி அதன் பெயரிலும் புகழ் வாங்கும். கடைகளில் விற்கும் குர்குமினோ பெரும்பாலும் தனிக் குர்குமின் இல்லை. அதன் இரண்டு உறவுக்காரச் சேர்மங்களும் கலந்தது. போதாததற்கு, இந்தத் துறையில் பேர்பெற்ற ஒருவரின் கட்டுரைகள் பல பிற்பாடு இதழ்களால் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. அதனால் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

அம்மா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "வெறும் மஞ்சளைப் போட்டா எப்படி எடுபடும்? நாலு மிளகைத் தட்டிப் போடோணும்" என்றார்.

மகள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். 1998இல் பெங்களூரில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து 'பிளாண்டா மெடிகா' இதழில் வந்த ஆய்வு அவள் பட்டியலில் இருந்தது. இரண்டு கிராம் குர்குமினோடு, மிளகின் காரப்பொருளான பைப்பரினை இருபது மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, மனிதர்களின் ரத்தத்தில் சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியதாக அதில் இருக்கிறது.

இரண்டாயிரம் சதவீதம்! நான் கையைக் கழுவாமலேயே எழுந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டேன். என் தாயார் உலக விஞ்ஞானிகளை முந்திவிட்டார் என்று ஒரு வரியும், கைகூப்பும் படங்கள் ஒரு வரிசையும். பெரியப்பா மகன் ஒருவர் 'நாசாவும் இதை ஒப்புக்கொண்டது' என்று கீழே சேர்த்தார். அவர் எதற்கும் நாசாவைக் கூப்பிடுகிறவர். மகள் குழுவில் அவரிடம் டிஓஐ கேட்டாள். டிஓஐ என்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்கும் நிரந்தர எண், பத்து என்று ஆரம்பிக்கும். அவர் பத்து இலக்கத்தில் தன் கைபேசி எண்ணை அனுப்பினார்.

பிறகு என்னிடம் வந்தாள். "ரெண்டாயிரம் சதவீதம்னா எதுல இருந்துன்னு பார்த்தீங்களாப்பா? மிளகு சேர்க்காதப்ப ரத்தத்துல இருந்தது கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லாததுக்கு இருபது மடங்கு எவ்வளவு? அதுவும் கொஞ்சம் பேரை வெச்சுப் பண்ணின சின்ன ஆய்வு. இன்னொண்ணு, இது சுத்தமான குர்குமின். நம்ம மஞ்சத் தூள்ல அது நூத்துக்கு மூணு பங்குதான் இருக்கும்." சதவீதத்தைப் பார்த்தால் அசலைக் கேள் என்று கடன் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் வங்கியில் உட்கார்ந்து உபதேசம் செய்தவன் நான். அதை மகள் நினைவுபடுத்தவில்லை. என் மனைவி நினைவுபடுத்தினாள்.

இருந்தாலும் அம்மாவின் கட்சி தோற்றுவிடவில்லை. இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். எண் 5,401,504. மஞ்சள் தூளைப் போட்டுப் புண் ஆற்றுவதற்கு! என் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் கரண்டியோடு கப்பலேறியிருப்பாள். ஏறியும் பயன் இருந்திருக்காது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் ஒரு விஷயம் காலங்காலமாகப் பழக்கத்தில் இருப்பது செல்லாது. அச்சில் வந்திருக்க வேண்டும். ஊருக்கே புண் ஆற்றிய பாட்டி எதையும் அச்சில் போடவில்லை. 1996இல் நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு மறுபரிசீலனை கேட்டு மனுப் போட்டது. அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் முழுக்க முழுக்க நூலகத் தேடல்தான். பழைய சமஸ்கிருத நூல் முதல் 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை வரை முப்பத்திரண்டு ஆதாரங்களைத் திரட்டினார்கள். 1997இல் காப்புரிமை ரத்தாயிற்று. இதைக் கேட்டதிலிருந்து அம்மா, தான் சொல்வதையெல்லாம் தேதி போட்டு எழுதிக்கொள்ளச் சொல்கிறார். ரசப்பொடி அளவு, பல்வலிக்குக் கிராம்பு, எதிர்வீட்டுக்காரி 2011இல் வாங்கிப்போன தோசைக் கல், எல்லாம் பதிவில் இருக்கின்றன.

எழுதும் கட்டம் வந்தது. அமைப்புப் படங்களை வரைய கெம்டிரா என்று ஒரு மென்பொருள். ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் எவன்ஸ், அவர் மனைவி சாலி, ரூபின்ஸ்டீன் என்ற ஆராய்ச்சி மாணவர் ஆகியோரின் முயற்சியில் 1985இல் வந்தது. அதுவரை ஆய்வகத்துக் கட்டுரைகளுக்கு மூலக்கூறுகளைக் கையால் வரைந்து கொடுத்தவர் சாலி. வீட்டுக்காரரின் வேலையைக் குறைக்கக் கண்டுபிடித்ததா, வீட்டுக்காரியின் வேலையைக் குறைக்கவா என்று என் மனைவி கேட்டாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

வேதியியல் நடை என்னை மயக்கிவிட்டது. ஒரு கிராம் எடுக்கப்பட்டது, எத்தனாலில் கரைக்கப்பட்டது, வடிகட்டப்பட்டது, உலர்த்தப்பட்டது. யார் எடுத்தார்கள், யார் கரைத்தார்கள் என்று மூச்சு விடுவதில்லை. காரியம் மட்டும் நடக்கிறது, ஆள் இல்லை. குடும்பஸ்தனுக்கு இதைவிடப் பொருத்தமான மொழி நடை உலகத்தில் இருக்க முடியாது. மறுநாளே நடைமுறைப்படுத்தினேன். "பால் பொங்கவிடப்பட்டது. அடுப்பு அணைக்கப்படவில்லை. மேடை துடைக்கப்படும் நிலையில் உள்ளது" என்று சமையலறையிலிருந்து அறிவித்தேன்.

"யாரால?" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் 'நாங்கள் கரைத்தோம்' என்றே எழுதலாம், பல இதழ்கள் அதைத்தான் விரும்புகின்றன என்று மகள் எடுத்துக் கொடுத்தாள். பெற்ற பெண்ணே இப்படிச் செய்தால் யாரிடம் முறையிடுவது?

அவர்கள் எழுத்தில் எனக்கு ஒத்துவராதது அடக்கம். 'நிரூபித்தது' என்று எழுதினால் பேராசிரியர் அடித்துவிட்டு 'சுட்டுகிறது' என்று போடுவாராம். 'குணமாக்கும்' என்பது 'எலிகளில் இந்த அளவில் இந்த விளைவு காணப்பட்டது' என்று சுருங்கும். ஒரு வாக்கியத்தில் எதைச் சொல்ல ஆதாரம் இருக்கிறதோ அதற்கு மேல் அரை அங்குலம் நகரக் கூடாது. இந்த விதியை எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் அமல்படுத்தினால் காலை ஏழு மணிக்கே ஊரடங்கு போட்டதாகிவிடும்.

செமினாருக்கு முன்னால் வீட்டில் ஒத்திகை. ஹாலில் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துவிட்டு, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, யாரிடமோ இரவல் வாங்கி வந்த புரொஜெக்டரை வைத்தாள். நானும் அம்மாவும் நாற்காலியில். மனைவி கீரை ஆய்ந்துகொண்டு தரையில். முதல் ஒத்திகை அரை மணி நேரம் ஓடியது. தெரிந்ததையெல்லாம் சொல்லக் கூடாது, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல வேண்டும் என்று அவளே வெட்டினாள். 1815இல் பிரித்தெடுத்த இருவரும் ஒரே வரியில் வந்து போனார்கள். ஒரு ஸ்லைடில் ஆரத்தித் தட்டின் படத்தைப் போட்டிருந்தாள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அது காரத்தில் குர்குமின் நிறம் மாறுவது. அந்த ஒரு படத்தில் அம்மாவும் மனைவியும் வேதியியலுக்குள் வந்துவிட்டார்கள். எனக்கு அதற்குமுன்பே லேசாகக் கண் சொருகியிருந்தது.

பேசி முடித்துவிட்டுக் கேள்விகள் உண்டா என்றாள்.

அம்மா கேட்டார்: "இத்தனை பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க, செரி. குடுக்காதவங்களுக்கு என்னாச்சு சாமி? மஞ்சப் பால் குடிக்காட்டியும் சளி நாலு நாள்ல தானாப் போயிருமே?"

மனைவி கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "இந்தப் பரிசோதனைக்கெல்லாம் காசு போட்டது யாரு? மாத்திரை விக்கறவங்களா?"

மகள் இரண்டையும் பரபரவென்று குறித்துக்கொண்டாள். பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத்தின் மூத்த ஆண் என்ற முறையில் ஏதாவது கேட்டாக வேண்டிய கட்டாயம். "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றேன்.

பல்கலைக்கழகத்தில் முதல் கேள்வியே ஒப்பீட்டுக் குழுவைப் பற்றித்தானாம். இரண்டாவது, ஆய்வுக்கு நிதி கொடுத்தவர்களைப் பற்றி. தயாராகப் போயிருந்ததால் வெளுத்துக் கட்டிவிட்டாள். எழுத்து சின்னதாக இருப்பதாக யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு சார் சொன்னாராம். அவரும் தூங்கி எழுந்தவர்தானாம்.

எழுத்து வடிவத்தைக் கொடுக்கும் முன் ஒற்றுமைச் சோதனை என்று ஒன்று உண்டு. எழுதியதைக் கணினியில் போட்டால் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று வண்ணம் பூசிக் காட்டிவிடும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் போட்ட விதிப்படி பத்து சதவீதம் வரை பாதகமில்லை. அதற்கு மேல் போனால் படிப்படியாகத் தண்டனை. மகளுடைய கட்டுரை சுலபமாகத் தேறிவிட்டது. என் காலை நேரத் தீர்ப்புகளை அதில் போட்டால் எவ்வளவு வரும் என்று மனைவி ஆர்வமாக விசாரித்தாள். காசு கட்ட வேண்டும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

பைண்டிங் ஆகி வந்த புத்தகத்தை முதலில் என்னிடம்தான் கொடுத்தாள். வேதியியலைத் தாண்டி நேராக நன்றியுரைப் பக்கத்துக்குப் போனேன். அப்பாவுக்கென்று தனியாக ஒரு வாக்கியம் இருந்தது. வெயில் மழை பாராமல் வயலில் பாடுபட்டு, நிலத்தை அடகு வைத்து என்னைப் படிக்கவைத்த தந்தைக்கு என்று உருக்கமாகப் போட்டிருந்தாள். எனக்கு ஏது வயல்? தொட்டியில் ஒரு கறிவேப்பிலை இருக்கிறது, அதற்கும் தண்ணீர் ஊற்றுவது அம்மா.

"அது சீனியர் அக்கா தீசிஸ்ல இருந்து எடுத்ததுப்பா. நேரமில்லை. நன்றியுரை ஒற்றுமைச் சோதனையில கணக்குல வராது, விதியிலயே விலக்கு இருக்கு."

"ஆதாரம் இல்லாம எழுதக் கூடாதுன்னு சொன்னியே கண்ணு!"

"விட்டுருங்க" என்று மனைவி புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "எங்கப்பா என்னைக் குடுக்கறப்ப மாப்பிள்ளைக்கு நிலபுலம் இருக்குதுன்னுதான் சொன்னாங்க. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் அச்சுல வந்திருக்குது."